கடைசி மூன்று வரிசை

வேலூர்
4 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று நைனாவின் குழிமேட்டு மண்ணைத் தொட்டுச் சொல்லிவிட்டு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் இந்தக் கடிதம் வருகிறது. கோபம் ஆறிவிட்டது என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே.

இரண்டு காரியம். முதல் காரியம் போதகருடையது. நம் கருவேலமேட்டு லுத்தரன் சபைக்கு நவம்பரில் நூற்று இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. மலர் போடுகிறார்களாம். கல்லறைத் தோட்டத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். நர்சுக்குச் செத்தவர்களோடு பழக்கம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்ததுதான். 1921இல் வாந்திபேதி வந்து நம் ஜனங்களில் முப்பத்தொரு பேர் ஒரே வாரத்தில் போனார்கள். புதைக்க இடமில்லாமல் நின்றபோது பெரிய வீட்டுத் தாண்டவராயன் வடக்குப் பக்கம் ஒரு துண்டு நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். அதற்காக இன்றைக்கும் ஒவ்வொரு அடக்கத்திலும் அவர் குடும்பத்துக்காக ஸ்தோத்திர ஜெபம் பண்ணுகிறோம். இதை எழுதினால் அரைப் பக்கம் வரும். நீ கோயில்பிள்ளை, மணி அடிப்பதிலிருந்து அடக்கம் வரை உன் பொறுப்பு. அடக்கப் பதிவேடு இருக்கும் பெட்டியின் சாவி உன் இடுப்பில் தொங்குகிறது. பதிவேட்டை அனுப்பு, இல்லை நகலாவது அனுப்பு.

இரண்டாவது காரியம் அம்மாவுடையது. இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருக்கிறது. வாரம் இரண்டு முறை மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ணுகிறோம். போன வாரம் படுக்கையில் இருந்தபடியே, "என்னிய உங்க நைனா குழியிலயே போட்டுடுங்க. அந்த மன்சன் இத்தினி வர்சமா ஒண்டியா கீறாரு" என்றாள். நம் சபை வழக்கப்படி பதினான்கு வருஷம் கழிந்தால் புருஷன் குழியைத் திறந்து, எலும்பை வெள்ளைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்து, பெண்சாதியை அதிலேயே இறக்கலாம். நைனா போய் இருபத்தோரு வருஷம் ஆகிறது. சபைப் பஞ்சாயத்தில் அனுமதி எழுதி வாங்கி வை. இது ஒன்றுதான் அவள் உன்னிடம் கேட்பது.

ஷாரோன்

*

கருவேலமேடு
14 ஆகஸ்ட் 2025

தங்கை ஷாரோனுக்கு,

கர்த்தர் உன்னையும் அம்மாவையும் காக்கிறார் என்று நம்பி எழுதுவது. இங்கே நான் சுகம்.

பதிவேடு பெட்டியை விட்டு வெளியே வராது. அது நைனா வைத்த முறை. நைனா வைத்த இன்னொரு முறையும் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருவரை அடக்கம் பண்ணியதும் அவர் பெயருக்குக் கீழே கோடு போட வேண்டும். அடுத்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடாது. "நம்பர் போட்டு வெச்சா மண்ணு ஆள் கேக்கும்டா" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தார். இதுவரை நான் மீறியதில்லை. உன் மலருக்கு இதைப் போட்டுக்கொள்.

அம்மா காரியம் நடக்காது. வடக்குப் பக்கம் முழுவதையும் ராஜாராம் ஐயா கான்கிரீட் தளம் போட்டு மண்டபமாக்கித் தருகிறார். அவருடைய பாட்டனார் தாண்டவராயன் பெயரில் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி தளம் போடுகிறார்கள். நைனா குழி அதற்கு அடியில் போய்விடும். பஞ்சாயத்து ஒத்துக்கொண்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு நடுவில் நல்ல மேடான இடமாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு உப்பில்லாமல் கஞ்சி கொடு.

பாண்டியன்

*

வேலூர்
21 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

பெற்ற அப்பனின் நெஞ்சின் மேல் கான்கிரீட் போடக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கஞ்சிக்கு உப்புச் சொல்கிறாய். நன்றாக இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நைனாவுக்கு ஒரு கல்லறை கட்டலாம் என்று நான் கொத்தனாரோடு வந்து நின்றேன். அஸ்திவாரத்துக்கு ஒரு சாண் தோண்டியிருப்பார். நீ ஓடிவந்து கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தாய். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "இங்க யாரும் தோண்டக் கூடாது, போடி" என்று கத்தினாய். தங்கை காசில் அப்பாவுக்குக் கல்லறை எழும்புவது உனக்குப் பொறுக்கவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அன்றே அம்மாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது.

போதகர் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். நீ பெட்டியைத் திறந்தபோது பக்கத்தில் நின்று எடுத்தாராம். நான்கு நாளாக டியூட்டி முடிந்து வந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், "1921. வாந்திபேதி. கடைசி மூன்று வரிசையை ஒருகாலும் திறக்கக் கூடாது" என்று இருக்கிறது. நம் தோட்டத்தில் பன்னிரண்டு வரிசை. வாசலிலிருந்து எண்ணுவது வழக்கம். கடைசி மூன்று என்று நாம் தெற்கு மூலையைத்தான் சின்ன வயதிலிருந்து விலகிப் போனோம், இல்லையா?

இல்லை அண்ணா. நாம் விலகியது 1999க்குப் பிறகுதான். அந்த வருஷம் வடக்கே தார் ரோடு வந்தது, வாசலைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றினார்கள். நைனா மட்டும் சாகும்வரை பழைய வாசலிலிருந்தே எண்ணி எழுதினார். சொக்கம்மாள் டீச்சரை எடுத்துக்கொள். நம் தோட்டத்தில் கல் சிலுவை இருப்பது அவருக்கு மட்டும்தான். பதிவேட்டில் அவர் ஒன்பதாம் வரிசை. இன்றைய வாசலில் நின்று எண்ணினால் நான்காம் வரிசை.

"என் நைனா பக்கத்துல, மூணாவது வரிசையில என்ன போடு" என்று நைனா உன்னிடம் சொன்னார். அவர் சொன்னது தெற்கிலிருந்து மூன்று. உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நம் ஜனங்களுக்குக் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது, மண்மேடுதான். அதுவும் மழையில் கரைந்துவிடும். நீ புது வாசலிலிருந்து எண்ணித் தோண்டினாய். வாந்திபேதிக் குழியில் நைனாவை வைத்துவிட்டாய். அதுதானே?

இதற்கா ஆறு வருஷம் என்னைப் பகைத்தாய்? நூறு வருஷ மண்ணில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்காது. நர்ஸ் சொல்கிறேன், நம்பு. அம்மாவுக்கு அந்தக் குழியைக் கொடு.

ஷாரோன்

*

கருவேலமேடு
1 செப்டம்பர் 2025

ஷாரோனுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன்.

நீ எண்ணியது சரி. கிருமிக்கு நான் பயப்படவில்லை.

நைனாவுக்குக் குழி வெட்டியது நானும், சபைக்குக் குழி வெட்டும் முனியன் அண்ணனும். நாலடி போனதும் மண் கறுப்பாக வந்தது. பிறகு கரிந்துபோன பனஞ்சட்டம். அதற்குக் கீழே எலும்பு. புதைத்த எலும்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆள் நீட்டிப் படுத்திருக்கும், தலை மேற்கே, கால் கிழக்கே. இது அப்படி இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது. சின்னச் சின்ன மண்டை ஓடுகளும் இருந்தன. கண்ணாடி வளையல் உருகி ஒட்டிக்கிடந்தது. அவர்கள் நெருக்கிய பக்கத்தில் கதவுப் பலகை ஒன்று, பாதி எரிந்தது. அதில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

முனியன் அண்ணன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். "இது நம்ம பழைய கூரைப் பள்ளிக்கூடம்டா பாண்டியா. பேதி வந்தவங்கள இதுலதான் வெச்சிருந்தாங்களாம். உள்ள வெச்சிப் பூட்டிக் கொளுத்திக்கிறானுங்க" என்றார். நோய் ஊருக்குள் வராமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு அந்த இடத்தையே தானம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே பிணத்தை வைத்துக்கொண்டு ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வேறு குழி வெட்ட நேரமில்லை. பூட்டை மறுபடி மண்ணில் அமுக்கி, அதன் மேல் நைனாவை இறக்கினோம்.

அந்தப் பூட்டில் சங்கு முத்திரை இருந்தது ஷாரோன். பெரிய வீட்டு நெல் களஞ்சியப் பூட்டு எல்லாவற்றிலும் அந்த முத்திரை இருக்கும். இருபது வருஷமாக அவர்கள் மில்லில் அதே முத்திரை போட்ட பூட்டைத்தான் தினமும் காலையில் நான் திறக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நைனா அடக்கம் முடிந்து எட்டாம் நாள் நான் ராஜாராம் ஐயாவிடம் போய்ப் பூட்டைப் பற்றிச் சொன்னேன். என்ன எதிர்பார்த்துப் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர் கேட்டுவிட்டு, "சாப்ட்டியாடா?" என்றார். அடுத்த மாதம் மில்லில் வேலை போட்டுக் கொடுத்தார். நானும் போனேன். அதனால்தான் அவருக்கு அந்த இடம் தெரியும். அதனால்தான் கான்கிரீட்.

இப்போது சொல், அம்மாவுக்காக அதைத் திறக்க என்னால் முடியுமா?

பாண்டியன்

*

வேலூர்
10 செப்டம்பர் 2025

அண்ணா,

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன்.

உன் கடிதம் வந்தபோது அம்மா விழித்திருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, கடிதம் வந்தால் நான் உரக்கப் படிப்பேன், சின்ன வயதிலிருந்து அப்படித்தான். உறையைப் பிரித்ததும் பழக்கத்தில் படிக்க ஆரம்பித்தேன். படித்துக் காட்டாதே என்ற வரியையும் சேர்த்தே படித்தேன். நிறுத்தப் பார்த்தேன். "மிச்சத்தப் படிடி" என்றாள். அந்தக் குரலை நீயும் கேட்டிருக்கிறாய்.

கடைசிவரை கேட்டாள். அழவில்லை. "தளம் என்னிக்கிப் போடறானுங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆறாம் தேதி என்றேன். விரல் விட்டு எண்ணினாள்.

மறுநாள் மெஷினுக்கு வர மாட்டேன் என்றாள். கஞ்சியை வாயில் வாங்கவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், டாக்டரைக் கூட்டிவந்து பேச வைத்தேன். அவர் போனதும் என் கையைப் பிடித்து, "செத்தாத்தானடி அங்க குழி தோண்ட வுடுவானுங்க? உயிரோட கீறவளுக்கு யாரு தோண்டுவா?" என்றாள்.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. எட்டாம் நாள் அந்த வாசலுக்குப் போனாயே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தாயே, அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அது பகை இல்லை, பயம்.

வந்து இவளைச் சாப்பிட வை. நான் சொன்னால் கேட்கவில்லை.

ஷாரோன்

*

கருவேலமேடு
18 செப்டம்பர் 2025

ஷாரோனுக்கு,

அம்மாவிடம் நான் காலில் விழுந்து கேட்டதாகச் சொல். சாப்பிடச் சொல். புறப்பட்டு வர எனக்கு வழியில்லை. கான்கிரீட் வேலை முடியும்வரை லீவு கிடையாது என்கிறார்கள்.

தபால்காரர் நம் தெருவுக்கு வருவதில்லை, எல்லாக் கடிதத்தையும் மில் ஆபீசில் கொடுத்துவிட்டுப் போவார் என்பது உனக்குத் தெரியும். உன் போன கடிதம் என் கைக்கு வந்தபோது உறை மூன்று நாள் பழசாகவும், பசை ஈரமாகவும் இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ராஜாராம் ஐயா வந்து பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்தார். இருபது வருஷத்தில் அவர் அப்படி என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. "இன்னா பாண்டியா, தங்கச்சி சரித்திரம் எழுதுதாமே. எழுதட்டும், படிச்ச பொண்ணு. பழைய மண்ணக் கெளறினா பாம்பு வரும்னு மட்டும் சொல்லி வையி" என்றார். பிறகு, "அம்மாக்கு ஒடம்பு ரொம்ப முடியலியா?" என்று கேட்டார். நான் அவரிடம் அம்மாவைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

மாலையில் போதகர் சொல்லியனுப்பினார். தளம் போடுவது ஆறாம் தேதி இல்லையாம். இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதியே போடுகிறார்களாம். ஜல்லியும் சிமென்டும் இன்று காலையிலேயே வந்து இறங்கிவிட்டது. சொக்கம்மாள் டீச்சரின் சிலுவை மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள்.

தேதி மாறியதை அம்மாவுக்குச் சொல்லாதே. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இனிமேல் கடிதத்தைப் போதகர் வீட்டு விலாசத்துக்குப் போடு.

பாண்டியன்

*

கருவேலமேடு
4 அக்டோபர் 2025

ஷாரோனுக்கு,

அம்மா அடக்கத்தன்று உன்னோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் பேசவில்லை. கைமண் போடும்போது உன் தோள் என் மேல் பட்டது. அது எனக்குப் போதும்.

பெட்டியோடு வேன் வந்து சேர்வதற்கு முன்னால் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. நீ போதகருக்குச் சொன்ன சேதி கிடைத்து, இருபத்தேழாம் தேதி விடிந்ததும் நானும் முனியன் அண்ணனும் மண்வெட்டியோடு போனோம். கான்கிரீட் மெஷின் மூன்றாம் வரிசை மேலேயே நின்றது. மேஸ்திரி, "நடுவுல தோண்டச் சொல்லி ஐயா ஆர்டர்" என்றான். நான் மெஷின் பக்கத்திலேயே மண்வெட்டியை ஊன்றினேன். ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று தெரியாது, முனியன் அண்ணன் வாயைத் திறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து மெஷினைத் தள்ளி ரோட்டில் விட்டார்கள். செத்த வீட்டில் தகராறு பண்ண மேஸ்திரிக்கு மனசு வரவில்லை.

நைனாவை எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றினேன். பிறகு கீழே போனேன். கரிந்த சட்டம், வளையல், அந்தச் சின்ன மண்டை ஓடுகள், எல்லாவற்றையும் கோணி விரித்துக் கரையில் வைத்தோம். நீ வந்தபோது பார்த்தது அதைத்தான். அங்கே யாரும் அழவில்லை, கவனித்தாயா? போதகர் தாண்டவராயன் குடும்பத்துக்கான ஸ்தோத்திர ஜெபப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிவிட்டு மேலே படித்தார்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். கோணியில் இருந்ததைக் கட்டிக் கோயில் பின்னறையில் வைத்துப் பூட்டினோம். புதன்கிழமை காலை கதவு உடைந்து கிடந்தது. கோணி இல்லை. வியாழக்கிழமை மில்லுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்றிலிருந்து முனியன் அண்ணனைக் காணோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்கிறார்கள். அவருடைய செருப்பு வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.

இருபத்தொன்பதாம் தேதி ஜனங்கள் கூடி நின்றதால் தளம் போடவில்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறேன். எட்டாம் தேதி வந்து பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எரிந்தவர்களில் மற்றவர்கள் இன்னும் கீழேதான் இருக்கிறார்கள், அவர்களை எடுத்துப் போக முடியாது, மூடத்தான் முடியும். எட்டாம் தேதிவரை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன். என் மேல் கொட்டாமல் தளம் போட முடியாது.

பதிவேட்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். பக்கத்து ஊர் மானாம்பதி போஸ்ட் ஆபீசுக்குப் போய் என் கையாலேயே போடுகிறேன். பார்சல் கனமாக இருக்கும். பயப்படாதே. பூட்டை நான் கோணியில் வைக்கவில்லை.

பாண்டியன்

*

வேலூர்
7 அக்டோபர் 2025

அண்ணா,

பார்சல் இன்று மத்தியானம் வந்தது. பூட்டை மேசை மேல் வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட வைக்கத் தோன்றவில்லை.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேதி மாறியதை அம்மாவிடம் நான்தான் சொன்னேன். சொல்லாதே என்று நீ கும்பிட்டுக் கேட்ட பிறகும் சொன்னேன். ஆறாம் தேதி என்று நம்பிக்கொண்டே அவள் பட்டினி கிடந்து, இருபத்தொன்பதில் அங்கே தளம் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். சொன்னதும், "சரி" என்றாள். அன்றிலிருந்து தண்ணீரையும் நிறுத்தினாள். மூன்று நாள் மிச்சம் வைத்துப் போனாள். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? நீ எட்டாம் நாள் பெரிய வீட்டு வாசலுக்குப் போனதைக் குற்றமாக எழுதினேனே, இப்போது நானும் உன் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

பதிவேட்டைத் திறந்தேன். கடைசிப் பதிவு உன் கையெழுத்து. 613. ஆண்டாளம்மாள், வயது எழுபத்திரண்டு. பத்தாம் வரிசை, நான்காம் குழி. நைனா எண்ணிய மாதிரியே பழைய வாசலிலிருந்து எண்ணியிருக்கிறாய். பெயருக்குக் கீழே கோடு போட்டிருக்கிறாய்.

கோட்டுக்குக் கீழே 614 என்று எழுதியிருக்கிறாய். பத்தாம் வரிசை, ஐந்தாம் குழி என்று எழுதியிருக்கிறாய். பெயர் எழுதாமல் விட்டிருக்கிறாய்.

நைனா முறையை ஒருகாலும் மீறியதில்லை என்று ஆகஸ்டில் எனக்கு எழுதியவன் நீதானே? அந்த எண் யாருக்கு? பெயர் தெரியாத அந்த முப்பத்தொரு பேருக்கு என்றால் அப்படி எழுதியிருக்கலாமே. முனியன் அண்ணனுக்கா? உனக்கா?

மண்ணைத் தொட்டுச் சொன்னதை மீறிவிட்டேன். மத்தியானத்திலிருந்து உனக்குப் பதினோரு முறை போன் பண்ணினேன். மணி அடிக்கவே இல்லை. பிறகு போதகருக்குப் போட்டேன், அவர் எடுத்தார். காலையில் உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் பார்த்ததாகச் சொன்னார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அது நேற்றுக் காலையாக இருக்கும் என்றார். ஓடிப்போய்ப் பாருங்கள் என்றேன். ரோட்டில் ஏதோ லாரி நிற்கிறது, மெஷின் சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். இன்னும் கூப்பிடவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பதிவேட்டையும் பூட்டையும் என் கூட வேலை பார்க்கும் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இப்போதே பஸ் ஏறுகிறேன். புது வாசல் வழியாக வர மாட்டேன். தெற்கே பழைய வாசல் இருந்த இடத்தில் சுவர் இடிந்திருக்கிறதே, அந்த வழியாக வருவேன். நைனா எண்ணிய மாதிரி ஒன்று இரண்டு என்று வரிசையை எண்ணிக்கொண்டே வருவேன். பத்தாம் வரிசையில் அம்மா பக்கத்தில் நீ உட்கார்ந்திருக்க வேண்டும்.

உட்கார்ந்துதான் இருக்க வேண்டும் அண்ணா.

ஷாரோன்